“உறுதிதானா?” என்னும் வீண் கேள்வி

சென்ற கல்வியாண்டில் ஒரு நாள் மாலை. எங்கள் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தைப் பூட்டும் நேரம். முதலாண்டு மாணவி ஒருத்தி கைப்பேசியை நீட்டியபடி வந்து நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன. உதவித்தொகைக்கான விண்ணப்பம் ஒன்றை அவள் கைப்பேசியிலேயே நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். பெயர், பிறந்த நாள், வங்கிக் கணக்கு எண், வருமானச் சான்றிதழ் எண் என்று நாற்பதுக்கு மேற்பட்ட கட்டங்கள். அனைத்தையும் நிரப்பி முடிக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. பக்கத்தின் அடியில் இரண்டு பொத்தான்கள். இரண்டும் ஒரே நீல நிறம், ஒரே அளவு; இடையில் விரற்கடை இடமும் இல்லை. ஒன்று விண்ணப்பத்தை அனுப்பும். மற்றது நிரப்பியவற்றை எல்லாம் துடைத்துவிடும். அவள் விரல் இரண்டாவதில் பட்டுவிட்டது. உடனே திரையில் “ஆர் யூ ஷ்யூர்?” என்ற கேள்வி தோன்றியது. விண்ணப்பத்தை அனுப்பலாமா என்றுதான் கேட்கிறது என நினைத்து “யெஸ்” என்பதைத் தொட்டிருக்கிறாள். நாற்பது கட்டங்களும் வெறுமையாயின.

“என் தப்புதான் சார். பார்த்து அமுக்கியிருக்கணும்” என்றாள்.

வாசகர்களே, அந்த ஒரு வாக்கியத்தை மறுப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். தவறு அவளுடையது அன்று. அந்தப் பக்கத்தை வடிவமைத்தவரைக் கேட்டால், “நாங்கள்தான் எச்சரித்தோமே, உறுதிதானா என்று கேட்டோமே” என்று சொல்லக்கூடும். அந்தக் கேள்வி எச்சரிக்கையே அன்று. அது இருக்கும் இடத்தில் இருக்க வேண்டியது வேறொன்று. அது என்ன என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

பழக்கம் சொல்லும் பதில்

தெருவில் எதிர்ப்படும் நண்பர் “சௌக்கியமா?” என்கிறார். “சௌக்கியம்” என்கிறோம். முதல் நாள் முழுதும் காய்ச்சலில் படுத்திருந்தாலும் வாய் இதைத்தான் சொல்லும். நண்பர் மனமாரத்தான் கேட்கிறார். நாமும் பொய் சொல்ல எண்ணவில்லை. ஆனால் நாள்தோறும் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு, பதில் சொல்லும் வேலையை மூளை வாயிடமே ஒப்படைத்துவிட்டது.

கணிப்பொறியும் கைப்பேசியும் கேட்கும் “உறுதிதானா?” என்ற கேள்வியும் இத்தகையதே. படம் ஒன்றை அழித்தால் கேட்கிறது. பக்கத்தை மூடினால் கேட்கிறது. செயலியை விட்டு வெளியேறினால் கேட்கிறது. இவற்றில் பெரும்பாலான வேளைகளில் “ஆம்” என்பதே சரியான விடை. எனவே சில நாள்களிலேயே, “அழி” என்ற பொத்தானும் அதையடுத்து வரும் “ஆம்” என்ற பொத்தானும் நம் விரலுக்கு ஒரே செயலின் இரு பகுதிகள் ஆகிவிடுகின்றன. கேள்வியைக் கண் படிப்பதற்கு முன்பே விரல் விடை சொல்லி முடித்துவிடுகிறது. என்றோ ஒரு நாள் “இல்லை” என்று சொல்ல வேண்டிய தருணம் வரும்போதும் அதே விரல் அதே வேகத்தில் “ஆம்” என்கிறது.

இதனை நன்கு உணர்ந்து சொன்னவர் ஜெஃப் ராஸ்கின். ஆப்பிள் நிறுவனத்தில் 1979இல் மெக்கின்டாஷ் கணிப்பொறித் திட்டத்தைத் தொடங்கிவைத்தவர் இவர். மனிதருக்கு இசைந்த திரை எப்படி அமைய வேண்டும் என்பது பற்றி 2000ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், பழக்கமாகிப்போகும் இத்தகைய கேள்விகள் பயனற்றவை என்று வாதிடுகிறார். பழக்கம் உண்டாவதை நாம் மன உறுதியால் தடுக்க முடியாது என்பதே அவர் வாதத்தின் அடிப்படை.

கைப்பிழையும் கருத்துப்பிழையும்

மனிதர் செய்யும் பிழைகள் இரு வகைப்படும் என்பார் டானல்ட் நார்மன் என்னும் அமெரிக்க அறிவியலறிஞர். அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி 1988இல் இவர் எழுதிய நூல் இத்துறையில் புகழ்பெற்றது. அவர் கூறும் இரு வகைகளை நாம் கைப்பிழை, கருத்துப்பிழை என்று அழைக்கலாம்.

ஆய்வகத்தில் இரண்டையும் அன்றாடம் காண்கிறேன். வெர்னியர் அளவியில் 3.47 என்று சரியாகவே படித்துவிட்டு, ஏட்டில் 3.74 என்று எழுதுவது கைப்பிழை. எண்ணியது சரி, செய்தது தவறு. கருவியில் சுழிப்பிழை இருப்பதை அறியாமல், வந்த அளவே உண்மையான அளவு என்று நம்பிக் கணக்கிடுவது கருத்துப்பிழை. இங்குச் செய்தது எண்ணியபடியே நடந்தது, எண்ணமே தவறு.

இப்போது இவ்விருவரிடமும் “உறுதிதானா?” என்று கேட்டுப் பார்ப்போம். கைப்பிழை செய்தவர் தம் பிழையை அறியார். பழக்கத்தின் வேகத்தில் “ஆம்” என்பார். கருத்துப்பிழை செய்தவரோ இன்னும் அழுத்தமாக “ஆம்” என்பார். ஏனெனில் அவர் உண்மையிலேயே உறுதியாக இருக்கிறார்! ஆகவே இந்தக் கேள்வி இருவகைப் பிழைகளில் எதனையும் உருப்படியாகத் தடுப்பதில்லை. அப்படியானால் இது யாரைக் காக்கிறது? கேட்டவரைக் காக்கிறது. “நீங்கள்தானே ஆம் என்றீர்கள்” என்று பின்னால் சொல்ல வழி செய்கிறது. பொறுப்பைக் கருவியிலிருந்து மனிதர் மேல் இறக்கிவைக்கும் சாதனம் இது.

ஹவாயில் 38 நிமிடங்கள்

நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். 2018ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், சனிக்கிழமை. பசிபிக் மாக்கடலில் உள்ள அமெரிக்க மாநிலமான ஹவாயில் காலை 8 மணி 7 நிமிடத்துக்கு மக்களின் கைப்பேசிகள் ஒருசேர அலறின. ஏவுகணை ஒன்று ஹவாயை நோக்கி வருகிறது, உடனே பாதுகாப்பான இடம் தேடுங்கள், இது ஒத்திகை அன்று என்பது செய்தி. மக்கள் குளியலறைகளிலும் நிலவறைகளிலும் ஒளிந்தனர். உற்றாரை அழைத்து விடைபெற்றனர். ஏவுகணை எதுவும் வரவில்லை. மாநிலத்தின் அவசரகால மேலாண்மை அலுவலகத்தில் ஒருவர் ஒத்திகையின்போது அனுப்பிய செய்தி அது.

ஊழியர் ஒருவர் தவறான வரியைத் தொட்டுவிட்டார் என்றே முதலில் சொல்லப்பட்டது. பின்னர் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் விசாரித்தபோது வேறொன்று தெரியவந்தது. பணிமுறை மாறும் வேளையில், முன்னறிவிப்பின்றி ஒத்திகை நடத்தினார்கள். ஒலிபரப்பிய பதிவில் “ஒத்திகை” என்ற சொல்லும் இருந்தது. “இது ஒத்திகை அன்று” என்ற வாசகமும் இருந்தது. அந்த ஊழியர் முன்னதைக் கேட்கவில்லை, பின்னதைக் கேட்டார். தாக்குதல் உண்மையே என்று நம்பினார். கணிப்பொறித் திரையில் ஒத்திகைச் செய்தியும் உண்மைச் செய்தியும் ஒரே பட்டியலில் இருந்தன. அவர் உண்மைச் செய்தியைத் தேர்ந்தார். இந்த எச்சரிக்கையை அனுப்புவது உறுதிதானா என்று கணிப்பொறி கேட்டது. ஆம் என்றார்.

கைப்பிழை என்று கருதப்பட்டது உண்மையில் கருத்துப்பிழை. ஏவுகணை வருகிறது என்று நம்பிய ஒருவரிடம் “உறுதிதானா?” என்று கேட்டால் வேறு என்ன விடை கிடைக்கும்?

இதைவிடப் பெரிய குறை ஒன்றும் அன்று வெளிப்பட்டது. அனுப்பியது தவறு என்பது சில நிமிடங்களிலேயே அலுவலகத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் “முன்னர் அனுப்பியது பொய்ச்செய்தி” என்று அதே கைப்பேசிகளுக்கு அறிவிக்க ஆயத்தச் செய்தி எதுவும் கணிப்பொறியில் இல்லை. அதற்கான நடைமுறையும் வகுக்கப்படவில்லை. திருத்தச் செய்தி கைப்பேசிகளை எட்டியபோது மணி 8.45. இடையில் 38 நிமிடங்கள்! முன்னே செல்லக் கதவு வைத்தவர்கள் பின்னே வரக் கதவு வைக்கவில்லை. கேள்வி கேட்பதற்கு எடுத்துக்கொண்ட சிரத்தையை, செய்ததைத் திருத்துவதற்கு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பென்சிலின் மறுமுனை

பென்சிலின் ஒரு முனையில் கரி இருக்கிறது. மறுமுனையில் அழிப்பான் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தை எழுதும்போதும் “உறுதிதானா?” என்று கேட்கும் பென்சிலை யாரேனும் வாங்குவோமா? பென்சில் கேட்பதில்லை, எழுத விடுகிறது, தவறினால் திருத்த விடுகிறது. கணிப்பொறியிலும் இருக்க வேண்டியது இதுவே. ஆங்கிலத்தில் “அன்டூ” என்பர். நாம் மீட்பு வசதி என்போம்.

இது புதிய கருத்தன்று. 1968இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உருவாகத் தொடங்கிய ஃபிரெஸ் என்னும் உரைத் தொகுப்பு மென்பொருளிலேயே செய்ததைத் திரும்பப் பெறும் வசதி இருந்தது. 1983இல் ஆப்பிள் வெளியிட்ட லிசா கணிப்பொறியின் திரையில் ஒரு குப்பைத் தொட்டிப் படம் இருந்தது. வேண்டாத கோப்பை அதில் போடலாம். வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பென் ஷ்னைடர்மன் 1986இல் வகுத்த எட்டு விதிகளுள்ளும், ஜேக்கப் நீல்சன் 1994இல் வகுத்த பத்து நெறிகளுள்ளும் செய்த செயலை எளிதில் திரும்பப் பெறும் வசதி இடம்பெற்றுள்ளது.

இயற்பியல் மாணவர்களுக்கு இங்கே சுவையான செய்தி ஒன்று உண்டு. மீள்செயல், மீளாச்செயல் என்று வெப்ப இயக்கவியலில் படித்திருப்பீர்கள். உடைந்த பானை ஒட்டாது. ஆறிய காப்பி தானே சூடாகாது. இயற்கையில் நடைபெறும் செயல்கள் மீளாதவை. ஆனால் கணிப்பொறிக்குள் இருக்கும் தகவல் அப்படிப்பட்டதன்று. முந்தைய நிலையைப் படியெடுத்து வைத்துக்கொண்டால் போதும். எப்போது வேண்டுமானாலும் அந்நிலைக்குத் திரும்பலாம். 1961இல் ரால்ஃப் லாண்டவர் என்னும் இயற்பியலார் காட்டியபடி, ஒரு பிட் தகவலை அழிப்பதற்கு அறை வெப்பநிலையில் குறைந்தது ஏறத்தாழ 3×10⁻²¹ ஜூல் வெப்பம் வெளியாக வேண்டும். மிகச் சிறிய அளவுதான். ஆயினும் கருத்தைக் கவனியுங்கள்: இயற்கை விலை கேட்பது அழிப்பதற்குத்தான்! மாணவியின் நாற்பது கட்டங்களில் இருந்த எழுத்துகள் அனைத்தும் சேர்ந்தாலும் ஒரு புகைப்படம் பிடிக்கும் இடத்தில் நூறில் ஒரு பங்கும் வாரா. அவற்றைப் பத்து நிமிடம் காப்பாற்றி வைத்திருக்க அந்த மென்பொருளுக்கு என்ன தடை?

அனுப்பிய மடலைக்கூடத் திரும்பப் பெற முடியும். ஜிமெயிலில் இவ்வசதி 2009இல் சோதனை முறையில் வந்தது. 2015இல் எல்லோருக்கும் கிடைத்தது. இதில் மாயம் ஏதும் இல்லை. “அனுப்பு” என்று தொட்டதும் மடல் உண்மையில் புறப்படுவதில்லை. சில வினாடிகள் வாசலிலேயே நிற்கிறது. அதற்குள் “திரும்பப் பெறு” என்றால் உள்ளே வந்துவிடுகிறது. இவ்வளவே. பிழை செய்த மறுகணமே நாம் “ஐயோ” என்கிறோம் அல்லவா? அந்த “ஐயோ”வுக்கு இடம் கொடுத்தார்கள். கேள்வி ஏதும் கேட்கவில்லை.

நீங்கள் அனைவரும் அறிந்த இன்னொரு சான்று வாட்சப். குழுவில் தவறாகப் போட்ட செய்தியை எல்லோரிடமிருந்தும் நீக்க நினைத்து, அவசரத்தில் “எனக்கு மட்டும் நீக்கு” என்பதைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும்? உங்கள் கண்ணிலிருந்து மட்டும் செய்தி மறையும், மற்றவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள்! 2022 டிசம்பரில் அந்நிறுவனம் இதற்குத் தீர்வு தந்தது. இன்னொரு கேள்வியைச் சேர்க்கவில்லை. 5 வினாடிக்குள் திரும்பப் பெறும் வசதியைச் சேர்த்தது. இதுவே நேரிய வழி.

மீட்க முடியாதபோது

எல்லாவற்றையும் மீட்க இயலுமா என்று கேட்பீர்கள். இயலாதுதான். அத்தகைய இடங்களில் கேள்வி கேட்பது தேவையே. ஆனால் நல்ல கேள்வி விடையளிப்பவருக்கு முதலில் ஒரு தகவலைத் தர வேண்டும். கைப்பேசி வழியே பணம் அனுப்பும் யூ.பி.ஐ. முறையைப் பாருங்கள். இரகசிய எண்ணை இடும் முன், பணம் யாருக்குப் போகிறது என்று பெயரையும் தொகையையும் திரையில் காட்டுகிறது. நாம் முருகனுக்கு அனுப்ப எண்ணியிருக்க, திரையில் முத்துவின் பெயர் வந்தால் சட்டெனக் கை நின்றுவிடும். “உறுதிதானா?” என்ற வெறுங் கேள்வி அதைச் செய்யாது. நம் உறுதியை அசைக்க வல்லது ஓர் உண்மைச் செய்தியே, கேள்விக்குறி அன்று.

தகவல் தராமல் சம்மதம் மட்டும் கேட்கும் திரை எவ்வளவு கொடியது என்பதற்கு என் துறையைச் சார்ந்த வரலாறு ஒன்று உண்டு. தெராக்-25 என்பது கனடாவில் செய்யப்பட்ட நேர்கோட்டு முடுக்கி. புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை தரும் கருவி. எலெக்ட்ரான் கற்றை, எக்ஸ் கதிர் ஆகிய இரு வகையிலும் அது இயங்கும். எக்ஸ் கதிர் வகையில் கற்றை மிகவும் வலியது. இலக்குத் தகட்டில் மோதிய பின்னரே நோயாளியை அடைய வேண்டும். 1986 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் நகர மருத்துவமனை ஒன்றில், கருவியை இயக்கியவர் எலெக்ட்ரானுக்கு உரிய எழுத்துக்குப் பதில் எக்ஸ் கதிருக்கு உரிய எழுத்தை அடித்துவிட்டார். கைப்பிழை. உடனே உணர்ந்து விரைவாகத் திருத்தினார். திரை திருத்தத்தைக் காட்டியது. கருவியின் உட்பகுதி முழுமையாக மாறவில்லை. கற்றையைச் செலுத்தியதும் திரையில் “கோளாறு 54” என்று வந்தது. அது என்ன கோளாறு? திரை சொல்லவில்லை. வேண்டிய அளவைவிட மிகக் குறைவாகவே கதிர் பாய்ந்தது என்று வேறு காட்டியது. இத்தகைய எண்கள் அக்கருவியில் அடிக்கடி வருபவை. தொடர்வதற்கு ஓர் எழுத்தைத் தட்டினால் போதும். அவர் பழக்கப்படி தட்டினார். 180 ராட் பெற வேண்டிய நோயாளியின் உடலில் 16,500 ராடுக்கு மேல் பாய்ந்திருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டனர். அவர் ஐந்து மாதங்களில் இறந்தார். 1985 முதல் 1987 வரை அக்கருவியால் ஆறு பேர் இவ்வாறு மிகைக் கதிருக்கு ஆளாயினர்.

இங்கே மீட்பு வசதிக்கு இடமில்லை. பாய்ந்த கதிர் திரும்பாது. ஆகவே இத்தகைய இடத்தில் மனிதரின் “ஆம்” ஒன்றை மட்டும் நம்பியிருத்தலே தவறு. தகடு உரிய இடத்தில் இல்லையென்றால் கற்றையே புறப்படாதபடி கருவியிலேயே தடைப்பூட்டு இருந்திருக்க வேண்டும். முந்தைய மாதிரியான தெராக்-20இல் அது இருந்தது. புதியதில் மென்பொருளே போதும் என்று நீக்கிவிட்டார்கள். ஹவாயில் நேர்ந்த பிழைக்குப் பின்னரும் செய்தியை அனுப்ப இருவர் வேண்டும் என்று விதித்தார்கள். திருத்தச் செய்தியையும் ஆயத்தமாக வைத்தார்கள்.

ஆக, நெறி எளியது. மீட்கக்கூடிய செயலா? கேட்காமல் செய், மீட்க வழி வை. மீட்க முடியாத செயலா? நடக்கப்போவது என்னவென்று தெளிவாகச் சொல்லிவிட்டுக் கேள். உயிருக்கு ஆபத்தான செயலா? கேள்வியை நம்பாதே, தடைப்பூட்டு வை.

இரு மறுப்புகள்

“மக்கள் திரையில் இருப்பதைப் படிப்பதே இல்லை, நாங்கள் என்ன செய்வது?” என்று மென்பொருள் எழுதும் நண்பர்கள் கேட்பதுண்டு. உண்மைதான், படிப்பதில்லை. ஆனால் அது இயற்கை. பாலம் கட்டும் பொறியாளர் புவியீர்ப்பைத் திட்டுவதில்லை; அதைக் கணக்கில் கொண்டு கட்டுகிறார். பழக்கமும் அவசரமும் களைப்பும் மனிதரின் புவியீர்ப்பு. அதைக் கணக்கில் கொள்ளாத திரை, எடையைக் கணக்கிடாத பாலமே ஆகும். தவிரவும், படிப்பவருக்கும் விளங்காதபடி எழுதிவைத்தால் குறை யாருடையது? பயணச்சீட்டை “ரத்து செய்ய வேண்டுமா?” என்று கேட்டு, அடியில் “ரத்து”, “சரி” என்று இரு பொத்தான்களை வைத்தால், எதைத் தொட்டால் சீட்டு பிழைக்கும்? “சீட்டை ரத்து செய்”, “சீட்டு இருக்கட்டும்” என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? அதையும் பயன்படுத்துவோரின் மொழியில் எழுதினால், தமிழ் வழியில் படித்த மாணவி ஆங்கிலக் கேள்வியின் முன் ஊகித்து விடை சொல்ல வேண்டியிராது.

“விண்ணப்பம் என்றால் ஓரிடத்தில் முடிவு வேண்டாமா? திருத்திக்கொண்டே இருக்க முடியுமா?” என்பது அடுத்த மறுப்பு. முடிவு வேண்டியதுதான். அந்த முடிவு கடைசி நாளாக இருக்கட்டும். விரல் பட்ட கணமாக இருக்க வேண்டாம். கடைசி நாள் வரையில் திருத்த விட்டால் யாருக்கும் நட்டமில்லை. தேர்வு மண்டபத்தில்கூட மணி அடிக்கும் வரையில் விடையை அடித்துத் திருத்த விடுகிறோமே!

அச்சமின்றிக் கற்க

அம்மாணவி மறுநாள் என் அருகில் அமர்ந்து மீண்டும் நாற்பது கட்டங்களையும் நிரப்பினாள். முடிந்ததும் அனுப்பும் பொத்தானைத் தொட மறுத்துவிட்டாள். “நீங்களே அமுக்குங்க சார்” என்றாள். எனக்கு மனம் கனத்தது. இழந்தது ஒரு மணி நேரம் மட்டும் அன்று. கருவியிடம் அச்சம் வந்துவிட்டது. தன்னிடம் நம்பிக்கை போய்விட்டது.

ஆய்வகத்தில் கருவியைத் தொட அஞ்சும் மாணவர் எதையும் கற்பதில்லை. திருகிப் பார்த்து, தவறி, பழைய நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடியும் திருகிப் பார்ப்பவரே கற்கிறார். தவறினால் திரும்பலாம் என்ற உறுதி இருக்கும் இடத்தில்தான் துணிவு பிறக்கும். மீட்பு வசதியின் பெரும்பயன் இதுவே. வீட்டில் கணிப்பொறி இல்லாமல், கைப்பேசி ஒன்றையே நம்பி, தனியே தட்டித் தடவிக் கற்கும் நம் மாணவர்களுக்கு அது ஆடம்பரம் அன்று, அடிப்படைத் தேவை.

அடுத்த முறை ஏதேனும் ஒரு திரையின் முன் “என் தப்புதான்” என்று சொல்ல வாய் எடுக்கும்போது சற்றே நில்லுங்கள். நடக்கப்போவது என்னவென்று அது எனக்குச் சொன்னதா? எனக்குப் புரியும் மொழியில் சொன்னதா? திரும்பிவர வழி வைத்ததா? இம்மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் “ஆம்” என்றால் தவறு உங்களுடையதாக இருக்கலாம். இல்லையென்றால், அதன் குறையை எழுதி அனுப்புங்கள். உங்களுள் சிலர் நாளை மென்பொருள் எழுதப் போகிறீர்கள். “உறுதிதானா?” என்று எழுதக் கை போகும்போதெல்லாம், நாற்பது கட்டங்களை இருமுறை நிரப்பிய அம்மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள்.